விடை தப்பினால் எந்த வரியில் தப்பியது? இயற்கணிதம், வடிவியல் கணக்குகளில் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

விடை தப்பாக வந்ததும் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடுவது பல பிள்ளைகளின் வழக்கம். அதே கை, அதே பழக்கம். இரண்டாம் முறையும் அதே வரியில் அதே தவறு விழுகிறது. தப்பான விடையை உடனே அழிக்க வேண்டாம். எந்த இடத்தில் சறுக்கியது என்பதை அந்த விடையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகள் கீழே இருக்கின்றன. உங்கள் தாளில் என்ன தெரிகிறதோ, அதற்குரிய பகுதிக்கு நேராகப் போங்கள்.

விடை வருகிறது, பிரதியிட்டால் ஒத்துவரவில்லை

3(x − 4) − 2(x − 5) = 7 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் இப்படிப் போட்டிருக்கிறார்:

3x − 12 − 2x − 10 = 7
x − 22 = 7
x = 29

29-ஐ முதல் வரியில், அதாவது கேள்வியில், பிரதியிட்டால் 3 × 25 − 2 × 24 = 75 − 48 = 27. வர வேண்டியது 7. ஆக, எங்கோ தப்பு. இப்போது அதே 29-ஐ இரண்டாம் வரியில் போடுங்கள்: 87 − 12 − 58 − 10 = 7. பொருந்துகிறது! கேள்வியில் பொருந்தாத எண் அடுத்த வரியில் பொருந்துகிறது என்றால், தவறு அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். அடைப்புக்குறியை நீக்கும்போது −2 × −5 என்பது +10 ஆகியிருக்க வேண்டும்.

கணக்கு எத்தனை வரி நீண்டாலும் இந்த முறை வேலை செய்யும். கடைசி வரியில் உங்கள் விடை கட்டாயம் பொருந்தும். விடை அங்கிருந்துதானே வந்தது. முதல் வரியில் பொருந்தவில்லை. எட்டு வரி இருந்தால் நான்காவது வரியில் பிரதியிட்டுப் பாருங்கள். அங்கே பொருந்தினால் பிழை அதற்கு மேலே, பொருந்தாவிட்டால் கீழே. மூன்று முறை பிரதியிட்டாலே இடம் பிடிபட்டுவிடும். புதிதாக எழுதுவதைவிட இது குறைந்த நேரம் பிடிக்கும்.

இன்னொரு தடயமும் இதே கணக்கில் கிடைக்கிறது. வந்தது 27, வர வேண்டியது 7, வித்தியாசம் 20. அதில் பாதி 10. குறி மாறிப்போன உறுப்பும் அதே 10தான். ஓர் உறுப்பைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தாலோ, கழிப்பதற்குப் பதில் கூட்டினாலோ வித்தியாசம் அந்த உறுப்பின் இருமடங்காகத்தான் இருக்கும். எனவே வித்தியாசம் இரட்டை எண்ணாக வந்தால் அதைப் பாதியாக்கி, அந்த எண் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். ஒருபடிச் சமன்பாடுகளில் விழும் தவறுகளில் பெரும்பங்கு குறித் தவறுதான் என்பதால் இந்தச் சோதனையை முதலில் செய்வது நல்லது.

காரணிப்படுத்த எண்களே கிடைக்கவில்லை

6x² − 7x − 20 = 0. பெருக்கினால் −120, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 120-க்குக் காரணிச் சோடிகள் எட்டு. ஒவ்வொன்றாக முயன்று பாதியில் சோர்ந்துபோவது வழக்கம்.

முதலில் தன்மைகாட்டியைப் பாருங்கள். b² − 4ac = 49 + 480 = 529. இது 23-இன் வர்க்கம். கெழுக்கள் முழு எண்களாக இருந்து தன்மைகாட்டி முழு வர்க்கமாகவும் வந்தால், காரணிகள் உறுதியாக உண்டு. வராவிட்டால் தேடுவதை நிறுத்திவிட்டு நேரே சூத்திரத்துக்குப் போய்விடலாம்.

இந்த 23-க்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. தேடுகிற இரண்டு எண்களின் கூட்டுத்தொகை −7 என்றால் அவற்றின் வித்தியாசம் 23. அப்படியானால் ஓர் எண் (−7 + 23)/2 = 8, மற்றது (−7 − 23)/2 = −15. தேடலே தேவைப்படவில்லை. இனி நடு உறுப்பைப் பிரிப்பதுதான் வேலை:

6x² − 15x + 8x − 20 = 3x(2x − 5) + 4(2x − 5) = (2x − 5)(3x + 4)

மூலங்கள் 5/2, −4/3. கூட்டினால் 7/6, அதாவது −b/a. பெருக்கினால் −10/3, அதாவது c/a. இரண்டும் ஒத்துவந்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம்.

இரண்டு அடைப்புக்குறிக்குள்ளும் ஒரே கோவை வராமல், ஒன்றில் 2x − 5, மற்றதில் 2x + 5 என்று நின்றால் பொதுக்காரணியை எடுத்தபோது குறியை விட்டுவிட்டீர்கள். மூன்றாம் உறுப்பு குறை உறுப்பாக இருந்தால் குறையையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

சூத்திரம் போட்டேன், தன்மைகாட்டி விநோதமாக வருகிறது

அதே சமன்பாட்டில் 529-க்குப் பதில் 431 வந்திருந்தால், (−7)²-ஐ −49 என்று எழுதியிருக்கிறீர்கள். −431 வந்திருந்தால் c-யின் குறியை விட்டு 20 என்று எடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதைக் கணக்கிடாமலே கண்டுபிடிக்கலாம்: a-யும் c-யும் எதிரெதிர்க் குறியில் இருந்தால் −4ac மிகை எண். b² ஒருபோதும் குறை எண் ஆகாது. ஆக அந்தச் சமன்பாட்டுக்குக் குறைத் தன்மைகாட்டி வர வழியே இல்லை. ‘மெய்யான மூலங்கள் இல்லை’ என்று எழுதுவதற்கு முன் a, c குறிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தன்மைகாட்டி சரி, விடை மட்டும் தப்பு என்றால் வகுத்தல் கோட்டைப் பாருங்கள். −b-யும் வர்க்கமூலமும் இரண்டுமே 2a-யின் மேலே இருக்க வேண்டும். கோடு வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் ஓடினால் (7 ± 23)/12 என்பது 7 ± 23/12 ஆகிவிடும். கோட்டை நீளமாக இழுத்த பிறகே மேலே எண்களை எழுதும் பழக்கம் இதைத் தடுக்கும்.

இரண்டு மூலம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது. அல்லது வந்த இரண்டில் ஒன்று பொருந்தவில்லை

x² = 5x என்பதை x-ஆல் வகுத்து x = 5 என்று முடித்துவிட்டால் x = 0 தொலைந்துவிடும். மாறியால் வகுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து x(x − 5) = 0 என்று எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறானது √(x + 7) = x − 5. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் x² − 11x + 18 = 0; x = 9 அல்லது 2. 9-ஐப் போட்டால் 4 = 4. 2-ஐப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வேலையில் தவறு எதுவும் இல்லை. வர்க்கப்படுத்தும்போது 3-க்கும் −3-க்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடுவதால் கேள்வியில் இல்லாத மூலம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. வர்க்கப்படுத்திய கணக்கில் பிரதியிட்டுப் பார்ப்பது விருப்பத்துக்கு விட்ட வேலை அல்ல, கணக்கின் கடைசிப் படியே அதுதான்.

வலப்பக்கத்தை x² + 25 என்றோ x² − 25 என்றோ எழுதியிருந்தால் −10x எங்கே என்று தேடுங்கள். (a − b)²-இன் நடு உறுப்பு இப்படி அடிக்கடி காணாமல் போகும்.

செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பு 40 சதுர மீட்டர் என்றால் அகலம் 5 அல்லது −8 என்று வரும். −8-ஐச் சும்மா அடித்துவிடாமல், அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதிவிட்டு நீக்குங்கள்.

மூன்று மாறிச் சமன்பாடுகளில் 0 = 0 வந்து நிற்கிறது

முடிவிலி எண்ணிக்கையில் தீர்வுகள் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். (1), (2) சோடியிலிருந்து ஒரு மாறியை நீக்கிவிட்டு, மறுபடியும் அதே சோடியையே வேறு எண்ணால் பெருக்கிக் கழித்திருந்தாலும் 0 = 0தான் வரும். இரண்டாம் முறை (3) உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சோடிகளிலும் ஒரே மாறியைத்தான் நீக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒன்றில் z-ஐயும் மற்றொன்றில் x-ஐயும் நீக்கினால் கணக்கு நகராது.

நீள் வகுத்தலில் வர்க்கமூலம்: மீதி தீரவில்லை

x⁴ − 6x³ + 11x² + ax + b ஒரு முழு வர்க்கம். a, b காண்க. முதல் உறுப்பு x². அடுத்த வகுத்தியில் அதை இரட்டித்து 2x² என்று எழுத வேண்டும். −6x³ ÷ 2x² = −3x. வகுத்தி 2x² − 3x. அதை −3x-ஆல் பெருக்கினால் −6x³ + 9x². கழித்தால் 2x² மிச்சம். மறுபடி ஈவு முழுவதையும் இரட்டிக்க 2x² − 6x, ஈவில் +1, 2x² − 6x + 1 கழிய வேண்டும். ஆக a = −6, b = 1.

இரட்டிக்க மறந்தால் இரண்டாம் உறுப்பு −6x ஆகி, x² உறுப்பில் 11 − 36 = −25 மிஞ்சும். அந்த இடத்தில் திடீரென்று பெரிய குறை எண் தெரிந்தால் இரட்டிப்பைச் சோதியுங்கள். கோவையில் ஓர் அடுக்கு விடுபட்டிருந்தால், உதாரணமாக x³ இல்லையென்றால், 0x³ என்று எழுதி இடம் விடுங்கள். இல்லாவிட்டால் உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்று சேராமல் எல்லாமே ஒரு படி நகர்ந்துவிடும்.

வடிவொத்த முக்கோணம்: விகிதம் எங்கோ தலைகீழாகிறது

முக்கோணம் ABC-யில் DE ∥ BC. AD = 4, DB = 6, BC = 15. DE எவ்வளவு? 4/6 = DE/15 என்று போட்டு 10 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு.

படத்தைப் பாருங்கள். A-யிலிருந்து B வரை மொத்தம் 10; D இருப்பது 4-இல், அதாவது பாதிக்கும் மேலே. அந்த இடத்தில் முக்கோணத்தின் அகலம் அடிப்பக்கத்தில் பாதியைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? 15-இல் பாதி 7.5. ஆக 10 வர வாய்ப்பே இல்லை. சரியான விகிதம் AD/AB = DE/BC; 4/10 = DE/15; DE = 6.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், தேல்ஸ் தேற்றம் AD/DB = AE/EC என்று பக்கத்தின் துண்டுகளை ஒப்பிடுகிறது. DE-யும் BC-யும் துண்டுகள் அல்ல. அவை ADE, ABC என்ற இரண்டு முழு முக்கோணங்களின் பக்கங்கள். கணக்கில் DE அல்லது BC தலைகாட்டினால் DB-யை மறந்துவிட்டு AB-யை எடுங்கள். இதே படத்தில் பரப்பு கேட்டால் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும்: 2 : 5 என்பது 4 : 25 ஆகும். ADE-யின் பரப்பு 12 சதுர செ.மீ. என்றால் ABC 75, சரிவகம் DBCE 63.

செங்கோண முக்கோணத்தில் செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குக் குத்துக்கோடு வரையும்போதும் இதே தடுமாற்றம்தான். மூன்று முக்கோணங்கள் மூன்று திசையில் திரும்பி நிற்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. கண்ணை நம்பாமல் உச்சிகளை வரிசைப்படுத்தி எழுதுங்கள். ∠B = 90°, BD ⊥ AC என்றால் முதலில் பொதுக்கோணத்தின் உச்சி, பிறகு செங்கோணம், கடைசியில் மிச்சம் உள்ளது: △ADB ~ △ABC. எழுத்துகளின் வரிசை சரியாக இருந்தால் ஒத்த பக்கங்கள் தானாக நேருக்கு நேர் வந்து நிற்கும்.

கோண இருசமவெட்டிக் கணக்கில் AB = 6, AC = 8, BC = 7, ∠A-யின் இருசமவெட்டி BC-யை D-யில் வெட்டுகிறது என்றால் BC-யை 3 : 4 ஆகப் பிரிக்க வேண்டும்; BD = 3, DC = 4. BD = 5.25 என்று வந்தால் 7-ஐ 6/8-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். சிறிய பக்கத்தை ஒட்டிய துண்டு சிறியதாகத்தான் இருக்க வேண்டும்.

உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரைதல்: கோடு வட்டத்தை வெட்டவில்லை, அல்லது கோணம் தப்பாக அளக்கிறது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. இரண்டையும் முழுதாக வாங்க முடியும், ஏனென்றால் தாளிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

PQ = 7 செ.மீ., ∠R = 50°, R-இலிருந்து PQ-வுக்குக் குத்துயரம் 6.5 செ.மீ. முதலில் உதவிப்படம். பிறகு PQ வரைந்து, P-யில் கீழ்நோக்கி ∠QPE = 50° அமையுங்கள். PE-க்கு 90°-இல் மேல்நோக்கி PF. PQ-வின் மையக்குத்துக்கோடு PF-ஐ வெட்டும் புள்ளி O, PQ-வை வெட்டும் புள்ளி G. O-வை மையமாகவும் OP-யை ஆரமாகவும் கொண்டு வட்டம். மையக்குத்துக்கோட்டில் G-யிலிருந்து மேலே 6.5 செ.மீ.-இல் M, M வழியாக PQ-வுக்கு இணைகோடு. அது வட்டத்தை வெட்டும் இடம் R.

வட்டம் வரையும் முன் கவராயத்தின் அகலத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். OP ஏறத்தாழ 4.6 செ.மீ., OG ஏறத்தாழ 2.9 செ.மீ. இருக்க வேண்டும். ஆரம் 5.4 செ.மீ. என்று வந்து மையமும் PQ-வுக்குக் கீழே விழுந்திருந்தால், PF வரைய மறந்து மையக்குத்துக்கோட்டை PE-யோடு வெட்டவிட்டிருக்கிறீர்கள். அந்த வட்டத்தில் மையம் உள்ள பக்கத்தில் முக்கோணத்தை முடித்தால் R-இல் பாகைமானி 40° காட்டும். 50-க்குப் பதில் 40, அதாவது 90-இலிருந்து கழித்த கோணம், வந்தாலே செங்கோணப் படி விடுபட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆரம் சரியாக இருந்தும் இணைகோடு வட்டத்தைத் தொடவில்லையா? M-ஐக் கீழ்ப்பக்கம் குறித்திருப்பீர்கள். PQ-வுக்குக் கீழே வட்டம் 1.6 செ.மீ. ஆழம் மட்டுமே. மேலே 7.5 செ.மீ. வரை இருக்கிறது; எனவே 7.5-க்கு மேல் குத்துயரம் கொடுத்தால் முக்கோணம் அமையாது. அதே கணக்கில் குத்துயரம் 4 செ.மீ. என்று கொடுத்திருந்தால் குத்துக்கோட்டின் அடி PQ-வுக்கு வெளியே விழும். அதைப் பார்த்துப் பதறி அழித்துவிட வேண்டாம். விரிகோண முக்கோணத்தில் அப்படித்தான் விழும். PQ-வைப் புள்ளிக்கோடாக நீட்டி அளந்துகொள்ளுங்கள்.

மையக்குத்துக்கோட்டுக்கான வில்கள் ஒன்றையொன்று வெட்டாவிட்டால் கவராயத்தைப் பாதி நீளத்துக்கும் குறைவாகத் திறந்திருக்கிறீர்கள். 7 செ.மீ.-க்கு 5 செ.மீ. திறந்தால் வெட்டுமிடம் தெளிவாக விழும். பென்சில் முனை மழுங்கியிருந்தால் கோட்டின் தடிப்பே 1 மி.மீ. ஆகிவிடும், இரண்டு மூன்று படிகளில் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

தொடுகோடு: அளந்த நீளமும் கணக்கிட்ட நீளமும் ஒத்துவரவில்லை

ஆரம் 4 செ.மீ., மையம் O-விலிருந்து P 8.5 செ.மீ. தொலைவில். தொடுகோட்டின் நீளம் √(72.25 − 16) = √56.25 = 7.5 செ.மீ. 9.4 என்று கணக்கிட்டிருந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டீர்கள். செங்கோணம் தொடுபுள்ளியில் இருப்பதால் OP-தான் கர்ணம். தொடுகோடு அதைவிட நீளமாக இருக்கவே முடியாது.

ஸ்கேலில் 2.9 செ.மீ. காட்டினால் கேள்வியில் ‘விட்டம் 8’ என்று கொடுத்திருந்ததை ஆரமாக எடுத்து வட்டம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு தொடுகோடுகளில் PA ஒரு நீளம், PB இன்னொரு நீளம் என்றால் OP-யின் நடுப்புள்ளி சரியாக இல்லை. அது O-விலிருந்தும் P-யிலிருந்தும் 4.25 செ.மீ.-இல் இருக்கிறதா, OP-யின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயத்தொலைவில் பரப்பு குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ வருகிறது

குறை எண் என்றால் புள்ளிகளைக் கடிகாரத் திசையில் எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான், மிகையாக எடுத்துக்கொள்ளலாம். முக்கோணத்தில் பூச்சியம் என்றால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில். நாற்கரத்தில் பூச்சியம் வந்தால் வரிசையைச் சந்தேகியுங்கள். (0, 0), (4, 0), (4, 3), (0, 3) என்று சுற்றிவந்தால் பரப்பு 12. அதே புள்ளிகளை (0, 0), (4, 3), (4, 0), (0, 3) என்று எடுத்தால் பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டி, சூத்திரம் 0 தரும். புள்ளிகளைச் சிறு படமாகக் குறித்துவிட்டு ஒரே திசையில் சுற்றுங்கள்.

பரவளையம் ஓரிடத்தில் உடைந்து நிற்கிறது

y = x² − 4x − 5. x = −2 முதல் 6 வரை y மதிப்புகள்: 7, 0, −5, −8, −9, −8, −5, 0, 7. கிராஃப் தாளைத் தொடும் முன் அட்டவணையைச் சோதியுங்கள். அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம் −7, −5, −3, −1, 1, 3, 5, 7 என்று இரண்டிரண்டாக ஏற வேண்டும். x = −2-க்கு 7-க்குப் பதில் −1 வந்திருந்தால் முதல் வித்தியாசம் −7 இல்லாமல் +1 ஆகி வரிசை உடைந்துவிடும்; காரணம் (−2)²-ஐ −4 என்று எழுதியது. புள்ளி குறித்த பிறகு வளைவை எப்படியாவது இழுத்துச் சேர்க்கப் பார்ப்பதைவிட இது எளிது.

இதே வரைபடத்தைக் கொண்டு x² − 5x − 6 = 0-ஐத் தீர்க்கச் சொன்னால், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து y = x + 1 என்ற நேர்க்கோடு வர வேண்டும். அது வளைவை (−1, 0), (6, 7) என்ற புள்ளிகளில் வெட்டும். y = −9x − 11 என்று வந்தால் கழிக்கும்போது −5x, −6 இரண்டின் குறியையும் மாற்றவில்லை. x = 6-இல் அந்தக் கோடு −65-க்குப் போய்விடும். கோடு தாளை விட்டு வெளியே ஓடுகிறது என்றால் அளவுத்திட்டத்தை மாற்ற முனையாமல் கழித்தல் வரிக்குத் திரும்புங்கள்.